கடைசி ஐம்பது அடி: தந்திக்கம்பி முதல் வீட்டு அருகலை வரை



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அதன் பின்னர் ஆசிரியர்களாகிய நாங்கள் பெற்றோர்களிடம் கேட்டுப் பதிந்த வினாக்களுள் ஒன்று, "வீட்டில் இணைய வசதி உண்டா?" என்பதாகும். ஆம், இல்லை என இரண்டே விடைகள். என் வகுப்பில் 'ஆம்' என்று பதியப்பட்ட மாணவன் ஒருவன், பாடம் தொடங்கிய பத்தாம் நிமிடத்தில் நாள்தோறும் திரையிலிருந்து காணாமற்போனான். பாடத்தில் அக்கறை இல்லை என்றே முதலில் எண்ணினேன். ஒரு மாலை அவனுடைய தாயாரை அழைத்துக் கேட்டபொழுதுதான் உண்மை விளங்கிற்று.

"டீச்சர், மோடம் முன்கூடத்துல இருக்கு. அங்கதான் அவன் தாத்தா உடம்புக்கு முடியாம படுத்திருக்காரு. பையன் அடுப்படிக்குப் பக்கத்துலதான் உட்கார முடியும். அங்க லைன் வரமாட்டேங்குது."

வீட்டில் இணையம் இருந்தது. பிள்ளை அமர்ந்த இடத்தில் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஐம்பது அடி இருக்கலாம். இந்த ஐம்பது அடிச் சிக்கல் கோவிட் காலத்தில் முளைத்ததன்று. பேராக் மாநிலத்தில் அதற்கு ஏறத்தாழ 150 ஆண்டு வரலாறு உண்டு. இன்று கடைகளில் 'மெஷ் வைஃபை' என்ற பெயரில் விற்கப்படும் கருவியை அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால், அதனை வீட்டில் எவ்வாறு அமைப்பது என்பதும் எளிதில் விளங்கும். வைஃபை என்பதனைத் தமிழில் 'அருகலை' என்கிறோம். இக்கட்டுரையில் அச்சொல்லையே கையாள்கிறேன்.

கடல்வழி வந்த செய்தி

சென்னையிலிருந்து பினாங்கிற்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் 1870-71இல் கடலடித் தந்தி வடம் இடப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கப்பலேறிப் பினாங்கில் கரை சேர்ந்த அதே கடலின் அடியில் செய்தியும் வந்து சேர்ந்தது. கடல்நீர் புகாமல் அவ்வடத்தைக் காத்தது 'கட்டா பெர்ச்சா' எனப்படும் மரப்பால். இது நாம் அறிந்த ரப்பர் அன்று. மலாயா முதலிய தென்கிழக்காசியக் காடுகளில் இயற்கையாக வளர்ந்த வேறொரு மரத்தின் பால். உலகெங்கும் கடலடி வடங்கள் பெருகப் பெருக, அம்மரங்கள் பெருமளவில் வெட்டி அழிக்கப்பட்டன. ரப்பர் மரம் அதன் பின்னரே இங்கு வந்தது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகள் பேராக் ரப்பர் வரலாற்றின் தொடக்கம் எனலாம்.

அதே 1870களில், கோலகங்சாரில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்டின் இல்லத்தையும் தைப்பிங்கில் இருந்த துணை ரெசிடெண்டின் இல்லத்தையும் இணைத்துத் தந்திக்கம்பி இழுக்கப்பட்டது. மலாய் மாநிலங்களில் தந்திக்கு அதுவே தொடக்கம் என்று கூறுவர். கம்பி எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்பதனைக் கவனிக்க வேண்டும். இரு முனையும் அதிகாரியின் வீடு. இடையிலிருந்த ஊர்களின் தலைக்கு மேலே செய்தி பறந்து சென்றது.

துரை பங்களாவில் நின்ற கம்பி

தோட்டங்களிலும் இதே நிலைதான். தொலைபேசி வந்தபொழுது அது தோட்ட அலுவலகத்திற்கும் துரையின் பங்களாவுக்கும் வந்தது. லயத்திற்கு வரவில்லை. பட்டணத்து மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் செய்தி முதலில் அலுவலகத்திற்கு வரும். கிராணி அதனை மண்டோரிடம் சொல்வார். மண்டோர் லயத்திற்குச் சொல்லியனுப்புவார். கம்பி எட்டாத தொலைவை ஒருவர் மாற்றி ஒருவர் கால்நடையாகக் கடந்தனர். ஆவணத்தில் மட்டும் 'இத்தோட்டத்தில் தொலைபேசி உண்டு' என்று எழுதப்பட்டிருக்கும். மேலே நான் குறிப்பிட்ட 'ஆம்' என்ற விடைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த மற்றொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. மக்களிடம் தன் குரல் நேரடியாகச் சேரவேண்டும் என்ற தேவை அரசாங்கத்திற்கு அப்பொழுதுதான் எழுந்தது. 1946இல் தொடங்கப்பட்டிருந்த ரேடியோ மலாயாவின் ஒலிபரப்பைக் கேட்பதற்காகப் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. தமிழிலும் ஒலிபரப்பு இருந்தது. நோக்கம் அரசியல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் லயத்து மக்கள் ஒரே இடத்தில் கூடி நின்று, கம்பியில்லாமல் வந்த தமிழ்க்குரலைக் கேட்டனர். பின்னர் மின்கலத்தில் இயங்கும் டிரான்சிஸ்டர் வானொலி பரவியபொழுதுதான், மின்சாரமே இல்லாத லயத்து வீட்டிற்குள்ளும் அக்குரல் நுழைந்தது.

இவ்விடத்தில் இன்னொரு செய்தியையும் நினைவுகூர வேண்டும். 1959 முதல் 1971 வரை நாட்டின் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் துன் வீ.தி.சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் பிறந்த தமிழர். அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் 1962இல் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேரடியாக எண் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. 1970இல் குவாந்தானில் செயற்கைக்கோள் நிலையம் செயல்படத் தொடங்கியது. அதே காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் வீடிழந்து நின்றபொழுது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியவரும் அவரே. நாட்டின் குரல் விண்வெளி வழியாக உலகத்தை எட்டிய அந்நாளிலும், பல தோட்டங்களில் தொலைபேசி அலுவலகச் சுவரைத் தாண்டி லயத்திற்கு வந்திருக்கவில்லை. தொலைவைக் கடப்பது ஒரு வேலை. வாசலிலிருந்து உள்ளே நுழைவது வேறொரு வேலை.

இணையம் வந்த வழி

1990களில் இணையம் வந்தது. ஜாரிங் நிறுவனத்திற்கு 1511, டிஎம்நெட் நிறுவனத்திற்கு 1515 என்ற எண்களைத் தொலைபேசி வழியாக அழைத்து, மோடத்தின் கிரீச்சொலியைக் கேட்டபடி காத்திருந்த நாள்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2001இல் ஸ்திரீமிக்ஸ் அகண்ட அலைவரிசைச் சேவையும், 2010 மார்ச்சில் ஒளியிழை வழியான யூனிஃபை சேவையும் அறிமுகமாயின. 2011இன் இறுதியில் தொடங்கி 2019 நடுப்பகுதி வரை நடைபெற்ற 1பெஸ்தாரிநெட் திட்டம், ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பள்ளிகளுக்கு இணையம் வழங்குவதை நோக்கமாகக் கொண்டிருந்தது.

இதற்குள் தோட்டங்களின் தோற்றமே மாறிவிட்டது. பால்மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் கொடுத்தன. மக்கள் ஈப்போவின் புந்தோங், சிலிபின், மெங்லெம்பு, கெமோர் முதலிய இடங்களுக்கும் புதிய தாமான்களுக்கும் குடிபெயர்ந்தனர். சில தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. இணையம் முதலில் பெருஞ்சாலையோரத்துத் தாமானுக்கு வந்தது. செம்மண் சாலையின் முடிவிலுள்ள வீடுகளுக்குத் தாமதமாகவே சென்றது.

2020இல் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சபா மாநிலப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் தேர்வெழுத அலைவரிசை தேடி மரத்தின்மேல் ஏறி அமர்ந்த காட்சியை நாடே கண்டது. ஆகஸ்டில் அரசாங்கம் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. வீட்டு வாசல்வரை இணையத்தைக் கொண்டுவருவது அரசாங்கத்தின், நிறுவனங்களின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. வாசலைத் தாண்டிய பின் எஞ்சும் தொலைவு நம் கையில் இருக்கிறது. இனி அதனைக் காண்போம்.

சுவரைக் கடந்த அலை

அருகலை என்பது வானொலி அலையே அன்றி வேறில்லை. 1895இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கம்பியின்றி அனுப்பிய அலை சுவரைக் கடந்து சென்று மணியடிப்பதையும் வெடிமருந்தைக் கொளுத்துவதையும் பொதுமக்கள் முன்னிலையில் செய்து காட்டினார். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர், தீவுகளில் இருந்த கணினிகளை வானொலி வழியாக இணைத்தனர். 'அலோஹாநெட்' என்பது அதன் பெயர். 1985இல் அமெரிக்கா சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமலே தகவல் தொடர்புக்குப் பயன்படுத்த அனுமதித்தது. கடைகளின் பணப் பதிவுக் கருவிகளைக் கம்பியின்றி இணைக்க ஒரு நிறுவனம் மேற்கொண்ட முயற்சி, பின்னர் 1997இல் 802.11 என்ற பொதுத் தரமாக வடிவம் பெற்றது. 1999இல் 'வைஃபை' என்ற பெயர் வந்தது.

இவ்வலைகளுள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதில் பாதி. முன்னது சுவரை ஓரளவு எளிதாகக் கடக்கும், வேகம் குறைவு. பின்னது வேகமானது, இரண்டு செங்கற்சுவர்களுக்குள் பெரிதும் களைத்துவிடும். உலோகம் அலையைத் திருப்பியனுப்பும். தண்ணீர் அதனை உறிஞ்சும். ஈப்போ தாமான்களில் உள்ள வரிசை வீடுகள் அகலம் குறைந்து நீண்டவை. ஒளியிழை முன்வாசல் வழியாக வரும். அடுப்படியும் பின்னறையும் கடைசியில் இருக்கும். ஆகவே அம்மாணவனின் நிலை வியப்பிற்குரியதன்று.

கைமாற்றும் வலை

ஒரு கருவியால் எட்ட முடியாத இடத்திற்குப் பல கருவிகள் செய்தியைக் கைமாற்றிக் கொண்டுசெல்வதே மெஷ் முறையாகும். மீன்வலையில் ஒவ்வொரு முடிச்சும் அடுத்துள்ள முடிச்சுகளைப் பற்றியிருப்பதைப்போல, ஒவ்வொரு கருவியும் அண்டையிலுள்ள கருவிகளோடு பேசி நல்ல வழியைத் தெரிந்தெடுக்கும். 1970களில் அமெரிக்கத் தற்காப்புத் துறையின் ஆய்வுப் பிரிவு இத்தகைய வானொலி வலையை ஆராய்ந்தது. படைவீரர் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் கம்பி பயன்படாது என்பதே காரணம். 2000களின் தொடக்கத்தில் பெர்லினிலும் ஸ்பெயினின் கத்தலோனியாவிலும் பொதுமக்களே கூரைகளில் கருவிகளைப் பொருத்தி ஊர் வலைகளை அமைத்தனர். 2007இல் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காகத் தயாரிக்கப்பட்ட 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தின் கணினிகளிலும் இம்முறை இருந்தது. ஒரு பிள்ளையின் கணினி அடுத்த பிள்ளையின் கணினிக்கு இணைப்பைக் கைமாற்றும். 2011இல் 802.11எஸ் என்ற தரம் வெளிவந்தது. 2016இல்தான் ஈரோ, கூகுள் வைஃபை போன்ற கருவிகள் வழியாக இது சாதாரண வீடுகளுக்கு வந்தது.

போர்க்களத்திற்கும் கூரைகளுக்கும் என்று உருவான முறை, இன்று நம் முன்கூடத்திலிருந்து அடுப்படிக்குச் செல்லப் பயன்படுகிறது.

புதுவையும் தேனியும்

கைமாற்றும் முறையால் என்ன பயன் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே இரு சான்றுகள் உண்டு. 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் ஒரு நடுநிலையம். அங்கிருந்து வானொலிக் கருவி வழியாக ஊர்களுக்குச் செய்தி சென்றது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. இணையத்தில் கிடைத்த தகவலைக் கடற்கரையில் நின்ற மீனவரின் காதுவரை சேர்த்தது, இடையில் நின்று கைமாற்றிய அந்நிலையமும் அதன் ஊழியர்களுமே.

2000களின் நடுப்பகுதியில், தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சாதாரண அருகலைக் கருவிகளைத் திருத்தியமைத்துத் தொலைவிலுள்ள கண் பரிசோதனை நிலையங்களை இணைத்தது. வீட்டில் ஐம்பது அடியில் களைத்துப்போகும் அதே அலை, உயரமான கம்பத்தில், இடையில் தடையின்றி, குறிபார்த்து அனுப்பப்பட்டபொழுது பல கிலோமீட்டரைக் கடந்தது. நோயாளி ஊரைவிட்டு வராமலே மருத்துவரோடு திரை வழியாகப் பேசினார். கருவியின் விலையைவிட அது நிற்கும் இடமே முதன்மையானது என்பதற்கு இதனைவிடச் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

வீட்டில் அமைக்கும் முறை

அப்பாடத்தை என் வீட்டில் நான் தவறு செய்தே கற்றுக்கொண்டேன். இரண்டு மெஷ் கருவிகளை வாங்கி, ஒன்றை முன்கூடத்திலும் மற்றொன்றை அலைவரிசையே எட்டாத பின்னறையிலும் வைத்தேன். பின்னறையில்தானே இணையம் இல்லை, ஆகவே கருவியும் அங்கேதானே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சிவப்பு விளக்கு எரிந்தது. தனக்கே எட்டாத ஒன்றை அக்கருவி எவ்வாறு கைமாற்றும்? அதனை எடுத்து மாடிப்படியின் நடுத்தளத்தில் வைத்த பின்னரே பின்னறைக்கு இணைப்பு வந்தது. இடைநிலையம் இரு பக்கமும் கேட்கும் இடத்தில் நிற்க வேண்டும்.

பெற்றோர்கள் பின்வருவனவற்றை வரிசையாகச் செய்து பார்க்கலாம்.

1. முதலில் எதனையும் வாங்க வேண்டாம். பிள்ளை படிக்கும் நாற்காலியில் நீங்கள் அமர்ந்து, கைப்பேசியில் வேகத்தைச் சோதியுங்கள். மோடத்தின் அருகிலும் சோதியுங்கள். இரண்டிலும் குறைவாக இருந்தால் குறை வெளியிலிருந்து வரும் இணைப்பில் உள்ளது. மெஷ் அதனைச் சரிசெய்யாது.

2. மோடத்தின் அருகில் நன்றாகவும் நாற்காலியில் மோசமாகவும் இருந்தால், திசைவி எனப்படும் ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். தொலைக்காட்சி அலமாரிக்குள்ளோ, மீன்தொட்டி, குளிர்பதனப் பெட்டி, நிலைக்கண்ணாடி ஆகியவற்றின் பின்னாலோ அதனை வைக்கலாகாது. திறந்த இடத்தில், மார்பளவு உயரத்தில் வைக்க வேண்டும். சிறிய வீட்டிற்கு இதுவே போதுமானது.

3. அதுவும் போதாவிட்டால் மெஷ் வாங்கலாம். வரிசை வீட்டிற்குப் பெரும்பாலும் இரண்டு கருவிகள் போதும். முதற்கருவியை மோடத்தோடு வடத்தால் இணையுங்கள். பழைய ரவுட்டரின் அருகலையை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று இடைமறிக்கும்.

4. இரண்டாம் கருவியை மோடத்திற்கும் பிள்ளையின் மேசைக்கும் நடுவில், ஓரிரு சுவர்களுக்கு மேல் இடையே வராதவாறு வையுங்கள்.

5. ஒரே அலைவரிசையில் கேட்டு, அதிலேயே மீண்டும் சொல்லும் கருவியில், ஒவ்வொரு கைமாற்றத்திலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே மூன்றாம் கருவி தேவைப்பட்டால் அதனையும் முதற்கருவிக்கு நேராக எட்டும் இடத்தில் வைப்பது நல்லது. கருவிகளுக்கிடையே வடம் இழுக்க முடிந்தால் இக்குறையே இராது.

6. வீடு முழுவதற்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வையுங்கள். கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிள்ளைகளின் பயன்பாட்டு நேரத்தை வரையறுக்கும் வசதியும் பெரும்பாலான கருவிகளில் உண்டு.

ஒளியிழை எட்டாத பழைய தோட்டப் பகுதிகளில் சிம் அட்டையில் இயங்கும் ரவுட்டரைப் பயன்படுத்துவோர், அதனைக் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள சன்னலருகே வைக்க வேண்டும். துத்தநாகத் தகடு அடித்த சுவரின் பின்னால் வைத்தால் பயனில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

'தோட்டத்தில் தொலைபேசி உண்டு' என்று எழுதிய ஆவணம் பொய் சொல்லவில்லை. ஆனால் லயத்தில் இருந்தவரைக் கணக்கில் எடுக்கவும் இல்லை. நாம் பதிவு செய்யும் விவரங்களும் அவ்வாறு ஆகிவிடலாகாது. "வீட்டில் இணையம் உண்டா?" என்று கேட்பதோடு நில்லாமல், "பிள்ளை அமர்ந்து படிக்கும் இடம் எது? அங்கே இணையம் எட்டுகிறதா?" என்றும் கேட்போம். வகுப்பு ஆசிரியரைத் தவிர வேறு எவரும் இக்கேள்வியைக் கேட்கப்போவதில்லை.

அம்மாணவனின் குடும்பத்தார் மெஷ் வாங்கவில்லை. அதற்கு வசதியும் இல்லை. அவனுடைய தந்தையார் நீளமான வடம் ஒன்றை வாங்கி, சுவரோரமாக ஆணியடித்து இழுத்து, ரவுட்டரை வீட்டின் நடுவில் ஒரு பலகைமேல் வைத்தார். மறுநாள் பாடம் முடிந்து நான் விடைபெறும் வரையில் அவன் திரையில் இருந்தான்.

வாழ்க தமிழ்!